ஓப்பன்எம் பிளஸ் பிளஸ்: மூணு மாசம் மண்டை காஞ்ச பிறகு ஒரு ரிவ்யூ

ஓப்பன்எம் பிளஸ் பிளஸ்ங்கறது கம்ப்யூட்டர்ல ஜனங்கள ஆள் ஆளா உருவாக்கி, அவங்க வாழ்க்கைய ஓட்டிப் பாத்து எண்ணற டூல், இதுக்குப் பேரு மைக்ரோசிமுலேஷன். மொதல்லயே சொல்லிடறேன், டூல் நல்லா இருக்கு, ஆனா அந்த டூல் கிட்ட போய் சேர்ற வழி இருக்கே அது சாயங்காலம் ஆறரை மணிக்கு பெங்களூர் டிராஃபிக்ல சில்க் போர்டு தாண்டுற மாதிரி. போய்ச் சேர்ந்துட்டா சந்தோஷம்தான், ஆனா பாதி பேர் நடுவுலயே ஆட்டோவ விட்டு இறங்கி நடந்து போயிடுவாங்க. நானும் ரெண்டு தடவ இறங்கினேன்.

நான் டொம்ளூர் பக்கம் ஒரு சின்ன ஹெல்த் அனலிடிக்ஸ் கம்பெனில வேலை பாக்கறேன். படிச்சது ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சோறு போடறது எக்செலும், ஆர்-ங்கற புள்ளிவிவர மொழியும். இந்த டூல்ல மாடல் எழுதறதுக்கு வேண்டிய சி பிளஸ் பிளஸ் மொழிய காலேஜ்ல ஒரு செமஸ்டர் படிச்சு பாஸ் பண்ணதோட சரி, அதுக்கப்புறம் அது இருக்குற திசைல தலை வெச்சுக் கூட படுக்கல. போன வருஷம் ஒரு ப்ராஜெக்ட் வந்துச்சு. இருபது வருஷம் கழிச்சு தமிழ்நாட்டுல சுகரும் இருந்து, தனியாவும் வாழ்ந்து, புள்ளைங்களும் பக்கத்துல இல்லாத வயசான பொம்பளைங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு ஒரு கணக்கு வேணுமாம். கேக்கறதுக்கு ஒரு வரிதான். நானும் எக்செல்ல பண்ணிடலாம்னு தெனாவெட்டா ஒத்துக்கிட்டேன்.

எக்செல்ல என்ன ஆகும்னா, ஜனங்கள டப்பா டப்பாவா பிரிக்கணும். வயசு 100, ஆம்பள பொம்பள 2, படிப்பு 4, கல்யாண நிலை 4, புள்ளைங்க எண்ணிக்கை 6, இதுக்கே 19,200 டப்பா வந்துடும். அதுல உடம்பு நிலை 5, ஜில்லா 38-ன்னு சேத்தீங்கன்னா 36 லட்சத்து 48 ஆயிரம் டப்பா. அதுல முக்காவாசி டப்பால ஆளே இருக்க மாட்டாங்க, இருந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரேட் கேக்கும். மைக்ரோசிமுலேஷன்ல டப்பாவே கெடயாது, ஆள் ஆளா உருவாக்கி, ஒவ்வொரு ஆளையும் பொறக்க வச்சு, படிக்க வச்சு, கல்யாணம் பண்ணி வச்சு, நோய் வர வச்சு, கடைசில சாக வச்சு, அப்புறமா மொத்தமா எண்ணிப் பாக்கறது, அவ்ளோதான். 1957-லயே கை ஆர்கட்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார ஆளு இந்த ஐடியாவ எழுதி வச்சுட்டாரு, அப்போ அத ஓட்டறதுக்கு கம்ப்யூட்டர்தான் பத்தல.

டைனமிக் மைக்ரோசிமுலேஷன்னா இந்த ஆளுங்க காலத்தோட மாறிக்கிட்டே போவாங்க. இதுக்குன்னே செஞ்ச டூல்ல ரொம்ப பேர் சொல்றது மோட்ஜென். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கனடா, அதாவது அங்க உள்ள அரசாங்க புள்ளிவிவர ஆபீஸ், அவங்க பண்ணது. லைஃப்பாத்ஸ், போஹெம்னு அவங்களோட பெரிய மாடல் எல்லாம் அதுலதான் எழுதினாங்க. மோட்ஜென் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், மைக்ரோசாஃப்டோட விஷுவல் ஸ்டூடியோ, அதாவது கோடு எழுதற சாஃப்ட்வேர், கண்டிப்பா வேணும். அதே மொழிய ஓப்பன் சோர்ஸா, லினக்ஸ் மேக் எல்லாத்துலயும் ஓடற மாதிரி திரும்ப எழுதினதுதான் ஓப்பன்எம் பிளஸ் பிளஸ். மோட்ஜென்ல எழுதின கோடு பெரும்பாலும் இதுலயும் ஓடும். இனிமே புதுசா ஆரம்பிக்கறவங்க நேரா இதுக்கே வந்துடுங்க, பழச தோண்டாதீங்க.

டூலுக்கு முன்னாடி, நான் காச விட்ட கதைய சொல்லிடறேன், வயித்தெரிச்சல் தீரட்டும். கோரமங்களா பக்கம் ஒரு இடத்துல ரெண்டு நாள் வீக்எண்ட் ஒர்க்‌ஷாப், பேரு வேணாம், ஃபீஸ் 18,000 ரூவா, ஆபீஸ்ல தர மாட்டேன்னுட்டாங்க, சொந்த காசு. விளம்பரத்துல டைனமிக் மைக்ரோசிமுலேஷன் ஹேண்ட்ஸ்-ஆன்னு போட்டிருந்துச்சு. மொத நாள் முழுக்க எக்செல்ல மக்கள்தொகை ப்ரொஜெக்‌ஷன், அதாவது எத விட்டுட்டு ஓடி வந்தனோ அதையே திரும்ப. ரெண்டாவது நாள் மத்தியானம் வரைக்கும் இன்ஸ்டால் பண்றோம், பதினோரு பேர் லேப்டாப்ல ரெண்டு பேருக்குத்தான் பில்ட் ஆச்சு, அதாவது கோடு ஓடற ஃபைலா மாறிச்சு, மத்தவங்கள்லாம் அந்த ரெண்டு பேரு ஸ்கிரீன பின்னாடி நின்னு எட்டிப் பாத்தோம், கல்யாண வீட்ல பந்திக்கு எடம் புடிக்கிற மாதிரி. சொல்லிக் குடுத்தவருக்கு விஷயம் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு ஈவென்ட், அதாவது கல்யாணம், சாவு மாதிரி ஒரு சம்பவம் கூட எங்க கையால எழுத விடல, ஸ்லைடுல காட்டிட்டு போயிட்டாரு. சாப்பாடு மட்டும் நல்லா இருந்துச்சு, பிஸிபேளாபாத் செம. 18,000 ரூவாய்க்கு ஒரு பிஸிபேளாபாத்.

இன்ஸ்டால் பண்றது அவ்ளோ பெரிய விஷயமா இருக்கவே வேணாம், அதுதான் கடுப்பு. விண்டோஸ்னா விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி எடிஷன் ஃப்ரீ, அத போடும்போது சி பிளஸ் பிளஸ் டெஸ்க்டாப் டெவலப்மென்ட்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அத டிக் பண்ண மறந்தீங்கன்னா அப்புறம் என்ன பண்ணாலும் நடக்காது. நான் மறந்தேன். ரெண்டு ராத்திரி போச்சு. அதுக்கப்புறம் ஓப்பன்எம் ஜிப்ப இறக்கி சி டிரைவ்ல நேரா அவுத்து வெச்சு, உள்ள மாடல்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுல ரிஸ்க்பாத்ஸ்னு ஒண்ணு இருக்கும், அந்த ப்ராஜெக்ட்ட தொறந்து பில்ட் குடுத்தா, ஓடற ஃபைலும் அதுக்கான எஸ்க்யூலைட் டேட்டாபேஸும் வந்து விழும். ஆபீஸ் லேப்டாப்ல முயற்சி பண்ணாதீங்க, எங்க ஐடி ஆளுங்க வெச்ச ஆன்டிவைரஸ் நான் பில்ட் பண்ண ஃபைல கண்ணு முன்னாடியே தூக்கிட்டு போச்சு, ஐடிக்கு கம்ப்ளெயின்ட் டிக்கெட் போட்டேன், இன்னும் ஓப்பனாத்தான் இருக்கு.

இப்ப நல்ல விஷயத்துக்கு வர்றேன். ரிஸ்க்பாத்ஸ்ங்கறது சொல்லிக் குடுக்கறதுக்குன்னே பண்ண சின்ன மாடல். கிழக்கு ஐரோப்பா பொம்பளைங்களோட வாழ்க்கை, எப்போ சேந்து வாழ ஆரம்பிக்கறாங்க, எப்போ மொத கர்ப்பம், எத்தனை பேருக்கு கடைசி வரைக்கும் கொழந்தையே இல்ல, இத பாக்குறது. ஒரு பொம்பள பொறந்ததுலேந்து சாகற வரைக்கும் ஓட்டும், அப்புறம் அடுத்த ஆளு. இத தொறந்து படிச்சா, மூணே நாள்ல உங்களுக்கு மொத்த சூட்சுமமும் புரிஞ்சிடும், சத்தியமா.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் ரெண்டு ஃபங்ஷன்தான், அதாவது ரெண்டு குட்டி கோடு துண்டு. ஒண்ணு, இது எப்போ நடக்கும். இன்னொண்ணு, நடந்தா என்னென்ன மாறும். சாவுன்னா, எப்போ சாவாங்கன்னு மொத ஃபங்ஷன் ஒரு நேரத்த சொல்லும், ரெண்டாவது ஃபங்ஷன் ஆள முடிச்சு வெக்கும். கர்ப்பம்னா, எப்போன்னு ஒண்ணு, ஆனதும் அவங்க நிலைய கர்ப்பம்னு மாத்தறது இன்னொண்ணு. எல்லா சம்பவமும் தனித்தனியா ஒரு தேதி சொல்லும், எது மொதல்ல வருதோ அதுதான் நடக்கும், உடனே மத்ததெல்லாம் தேவைப்பட்டா தேதிய மாத்திக்கும்.

அந்த தேதி எங்கேந்து வருதுன்னு எனக்கு மொதல்ல வெளங்கவே இல்ல. அல்சூர்ல எங்க வீட்டுக்கு கீழ ஒரு தர்ஷினி, அதாவது நின்னுக்கிட்டே சாப்பிடற ஓட்டல், அங்க நின்னுக்கிட்டு பை-டூ காபி பில்லுக்குப் பின்னாடி போட்டுப் பாத்தேன். ரேட், அதாவது சம்பவம் நடக்கற வேகம், ஒரு வருஷத்துக்கு 0.1-ன்னு வெச்சுக்கோங்க. 0-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு குருட்டு நம்பர் எடுங்க, அதோட இயற்கை லாகரிதத்துக்கு (ln) மைனஸ் போட்டு 0.1-ஆல வகுங்க. நம்பர் 0.5 வந்தா 6.9 வருஷம் காத்திருக்கணும். 0.9 வந்தா ஒரு வருஷத்துக்கு கொஞ்சம் மேல, சட்டுனு நடந்துடும். 0.05 வந்தா 30 வருஷம். எல்லாருக்கும் ஒரே ரேட், ஆனா ஒருத்திக்கு அடுத்த வருஷமே, இன்னொருத்திக்கு ஒரு தலைமுறை கழிச்சு. பக்கத்துல நின்ன அங்கிள் எட்டிப் பாத்துட்டு லாட்டரியான்னு கன்னடத்துல கேட்டாரு. ஆமா சார் ஒரு மாதிரி லாட்டரிதான்னேன்.

இதுல இன்னொரு அழகு. 20 வயசுல 6.9 வருஷம்னு வந்துச்சு, ஆனா ரிஸ்க்பாத்ஸ்ல 15 வயசுக்கு மேல ரெண்டரை ரெண்டரை வருஷமா ரேட்டு மாறும். 22.5 வந்தவுடனே அந்த பழைய தேதி செல்லாது, புது ரேட்ல புது தேதி போடணும். நான் இத எல்லாம் கையால ட்ராக் பண்ணி எழுதணும் போலன்னு பயந்துட்டு இருந்தேன். தேவையே இல்ல. அந்த மொத ஃபங்ஷனுக்குள்ள எந்தெந்த விஷயத்த பாக்கறீங்களோ, அதுல ஏதாச்சும் ஒண்ணு மாறினா டூல் தானா அந்த ஃபங்ஷன திரும்பக் கூப்பிட்டுக்கும். வயசுப் பிரிவு மாறினா, கல்யாணம் ஆனா, பிரிஞ்சா, எதுவா இருந்தாலும் சரி. ஆர்-ல இத நானே எழுதிப் பாத்திருக்கேன், நாலாவது சம்பவம் சேக்கும்போது கோடு இடியாப்பம் ஆயிடுச்சு. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த டூல கத்துக்கலாம், மத்ததெல்லாம் போனஸ்.

படிக்கறத விட உடைங்க. நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன். ரிஸ்க்பாத்ஸ்ல கேன்டைன்னு ஒரு பராமீட்டர், சாவு இருக்கா இல்லையான்னு ஒரு சுவிட்ச். அத ஆஃப் பண்ணி ஓட்டுனா எல்லாரும் நூறு வயசு வரைக்கும் இருப்பாங்க, அப்போ கொழந்தை பொறப்பு டேபிள் எப்படி மாறுதுன்னு பாருங்க. அப்புறம் கல்யாணத்துக்கு முன்னாடி கர்ப்பம் ஆகற ரிஸ்க்க கிட்டத்தட்ட பூஜ்யம் ஆக்குங்க, அவங்க டேட்டால அது அப்படி இல்ல, நம்ம ஊர் கணக்குல கிட்டத்தட்ட அப்படித்தான். அதுல ரெண்டாவது யூனியன், அதாவது ரெண்டாவது தடவ ஒருத்தர் கூட சேந்து வாழறது, அதுக்கப்புறம் பிரிஞ்ச நிலைன்னு தனித்தனியா இருக்கும், நம்ம சர்வே டேட்டால அதுக்கு ஆளே தேறாது, தைரியமா தூக்கிடுங்க. தூக்கினா நாலு எடத்துல எரர் வரும், அந்த நாலையும் சரி பண்ணி முடிக்கும்போது மாடலோட எலும்புக்கூடு முழுசா மண்டைல ஏறியிருக்கும்.

அம்மா அந்த வாரம் ஆம்பூர்லேந்து போன் பண்ணி என்னடா ராத்திரி பதினோரு மணிக்கு இன்னும் தூங்கலன்னாங்க. பத்தாயிரம் பொம்பளைங்களுக்கு கம்ப்யூட்டர்ல கல்யாணம் பண்ணி வெச்சுட்டு இருக்கேம்மான்னேன். ஊரான் வீட்டு கல்யாணம் எல்லாம் இருக்கட்டும், மொதல்ல உனக்கு ஒண்ண பாருன்னு வெச்சுட்டாங்க.

நான் பண்ண பெரிய முட்டாள்தனத்தையும் சொல்லணும், ஏன்னா நீங்களும் பண்ணுவீங்க. நம்ம ஊர் சாவு ரேட்டுக்கு எஸ்ஆர்எஸ் லைஃப் டேபிள் எடுத்தேன், அதாவது எந்த வயசுல சாவு எவ்ளோன்னு சொல்ற பட்டியல், அரசாங்கம் பொறப்பு சாவ எண்ணற சாம்பிள் ரெஜிஸ்ட்ரேஷன் சர்வேலேந்து வர்றது. அதுல வயசு அஞ்சு அஞ்சு வருஷமா இருக்கும், கடைசில 85-க்கு மேலன்னு ஒரே டப்பா. நான் சாவு நிகழ்தகவுன்னு இருந்த வரிசைய அப்படியே காப்பி பண்ணி ரேட்டா போட்டுட்டேன். ஓட்டினா சராசரி ஆயுசு 50 சொச்சம் வருது. எழுபதுக்கு மேல வர வேண்டிய எடத்துல 50. நான் கோட்ல தப்புன்னு நெனச்சு மூணு நாள் கோட்ட நோண்டினேன், ரேண்டம் நம்பர் சரியில்லையோன்னு சந்தேகப்பட்டேன், டூல் மேலயே பழி போட்டு மெயில் டைப் பண்ணி வெச்சேன், நல்ல வேளை அனுப்பல.

எங்க டீம்ல தஞ்சாவூர்கார அக்கா ஒருத்தங்க, சென்சஸ் டேட்டாலயே பத்து வருஷம் ஊறினவங்க. காபி கப்போட என் சீட்டுக்குப் பின்னாடி வந்து ஸ்கிரீன ஒரு பார்வை பாத்தாங்க. "டேய், இது அஞ்சு வருஷத்துக்கான நம்பர்டா, நீ வருஷா வருஷம் கொன்னுட்டு இருக்க." அவ்ளோதான். அதாவது 60 வயசுலேந்து 65-க்குள்ள சாகற வாய்ப்ப, ஒவ்வொரு வருஷத்துக்கும் போட்டிருக்கேன், அஞ்சு மடங்கு சாவு, தமிழ்நாட்டையே காலி பண்ணிட்டேன். வயசுவாரியா ஆயிரத்துக்கு இத்தனைன்னு இருக்குற சாவு ரேட்ட எடுத்து போட்டதும் ஆயுசு ஒழுங்கா வந்துடுச்சு. இன்னொண்ணும் சொன்னாங்க, ஒரு வருஷ நிகழ்தகவா இருந்தா கூட அது ரேட் இல்ல, சின்ன நம்பர்ல வித்தியாசம் தெரியாது, ஆனா வருஷத்துக்கு 50 சதவீதம் சாவுன்னா ரேட் 0.5 இல்ல, 0.69, கெழவிங்க கணக்குல அது பெருசா உதைக்கும். இந்த மாதிரி விஷயம் எந்த மேனுவல்லயும் சத்தமா சொல்றதில்ல. டூல் உங்களுக்கு என்ன நம்பர் குடுத்தாலும் வாய மூடிட்டு ஓட்டும், அது வார்னிங் தராது.

ரிசல்ட்ட நம்பறது பத்தியும் ஒண்ணு சொல்லணும். இது குருட்டு நம்பர் வெச்சு ஓடறது, அதனால 5,000 பேர ஓட்டி கொழந்தை இல்லாதவங்க 15 சதவீதம்னு வந்தா, அதுல அரை சதவீதம் முன்ன பின்ன ஆட்டம் இருக்கும். 5 லட்சம் பேர ஓட்டினா அந்த ஆட்டம் 0.05-க்கு வந்துடும். பாருங்க, நூறு மடங்கு ஆள் போட்டா ஆட்டம் பத்து மடங்குதான் கொறயுது. ஒர்க்‌ஷாப்ல ஒருத்தர் தசமத்துக்கு அப்புறம் ரெண்டு எடம் வரைக்கும் ரிப்போர்ட்ல போட்டிருந்தாரு, 1,000 பேர ஓட்டி. சிரிப்ப அடக்கிட்டேன். அப்புறம் கோட்ல குருட்டு நம்பர் எடுக்குற ஒவ்வொரு எடத்துக்கும் தனி நம்பர் குடுக்கணும், மொதல்ல எதுக்கு இந்த சடங்குன்னு தோணும், ஆனா ரெண்டு சினாரியோவ ஒப்பிடும்போது அதே ஆளுக்கு அதே அதிர்ஷ்டம் வரும், பாலிசி மாத்தினதால வந்த வித்தியாசம் மட்டும் தனியா தெரியும். புரிஞ்சதும் கும்புடணும் போல இருந்துச்சு.

ரிஸ்க்பாத்ஸ் ஒவ்வொரு ஆளா ஓட்டறதால சாதா லேப்டாப்பே போதும். ஆனா எனக்கு அம்மா, பொண்ணு, யாரு யாரு கூட இருக்காங்கன்னு வேணும், அதுக்கு எல்லாரும் ஒரே நேரத்துல உயிரோட இருக்கணும், டைம் பேஸ்டு மாடல். பத்து லட்சம் பேர உள்ள விட்டேன், என்னோட 8 ஜிபி லேப்டாப் ஃபேன் பிஎம்டிசி பஸ் மாதிரி உறும ஆரம்பிச்சு அப்படியே உறைஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழம எஸ்.பி. ரோடு போய் பேரம் பேசி ரேம் வாங்கிப் போட்டு 32 ஆக்கினேன், அதுக்கு ஆன செலவு அந்த ஒர்க்‌ஷாப் ஃபீஸ்ல பாதி கூட இல்ல, பிரயோஜனம் பல மடங்கு. ரேம் போட்டும் நான் ஒரு லட்சத்துலதான் டெஸ்ட் பண்றேன், பெரிய ரன் ராத்திரி போட்டுட்டு தூங்கிடுவேன்.

டேபிள் எழுதறது ரொம்ப புடிச்சிருக்கு. நடந்த பொறப்ப மொத்தமா எண்ணு, அந்த வயசுல எல்லாரும் வாழ்ந்த காலத்தால வகு, வயசுவாரியா பிரி, இத அஞ்சாறு வரில சொல்லிட்டா அதுவே ஓடும்போதே கணக்கு போட்டு வெச்சுடும், தனியா ஃபைல்ல கொட்டி ஆர்-ல போய் பிரிச்சு எண்ண வேணாம். நான் ரெண்டாவது மூணாவது கொழந்தைக்கும் சம்பவம் சேத்து, என்எஃப்ஹெச்எஸ்-5, அதாவது தேசிய குடும்பநல சர்வே, தமிழ்நாட்டுக்கு சொல்ற ஒரு பொம்பளைக்கு சராசரி 1.8 கொழந்தை வருதான்னு இந்த டேபிள்லதான் பாத்து பாத்து திருகினேன். பிரவுசர்ல தொறக்கற ஸ்கிரீனும் பரவால்ல, பராமீட்டர மாத்தி சினாரியோவா சேவ் பண்ணி ஓட்டலாம், கோடு தெரியாத மேனேஜருக்கு காட்ட அது போதும். லேபிள் எல்லாம் கோட்ல கமென்ட்டா எழுதறதுதான், கனடாகாரங்க சமாச்சாரம்ங்கறதால ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷும் ஃப்ரெஞ்சும் பக்கத்து பக்கத்துல இருக்கும். தமிழ்லயும் போட்டுப் பாக்கணும்னு ஒரு ஆசை, டைம் கெடைக்கல.

மோசமான பக்கம்னா டாக்குமென்டேஷன். விஷயம் இல்லாம இல்ல, கொட்டிக் கெடக்கு, ஆனா ஏற்கனவே மோட்ஜென் தெரிஞ்சவங்களுக்கு எழுதின மாதிரி, பாதி விஷயம் மோட்ஜென் பழைய கைடுல, பாதி இங்க, ரெண்டுத்தயும் ரெண்டு ஸ்கிரீன்ல தொறந்து வெச்சு மாத்தி மாத்தி படிக்கணும். எரர் மெசேஜ் கேக்கவே வேணாம், ஒரு செமிகோலன விட்டா பக்கம் பக்கமா சி பிளஸ் பிளஸ் ஒப்பாரி வெக்கும். மொத வரிய மட்டும் பாருங்க, மிச்சத்த கண்டுக்காதீங்க. சி பிளஸ் பிளஸ் தெரியணுமேன்னு பயப்படற அளவுக்கு இல்ல, இஃப், எல்ஸ், அர்ரே, இது தெரிஞ்சா தொண்ணூறு சதவீத வேலை ஆயிடும், பாயின்டர் பக்கம் நான் போனது அம்மா பொண்ணு லிங்க் போடும்போது மட்டும்தான்.

கோடே வேணாம்னு நெனக்கறவங்க லியாம்2 பாருங்க, பெல்ஜியத்தோட ஃபெடரல் பிளானிங் பியூரோ ஆளுங்க பண்ணது, பைத்தான் மொழில ஓடும், மாடல யாமெல்ங்கற சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதினா போதும். ஆனா அது வருஷம் வருஷமா தாவும், பென்ஷன், வேலை மாதிரி கணக்குக்கு அது சரி. ஒரே வருஷத்துக்குள்ள கல்யாணம், கர்ப்பம், வேலைய விடறதுன்னு மூணும் வரிசை மாறி வர்ற எடத்துல எனக்கு அது ஒத்து வரல.

மார்க் கேட்டா டூலுக்கு பத்துக்கு எட்டு, டாக்குமென்டேஷனுக்கு அஞ்சு, அந்த ஒர்க்‌ஷாப்புக்கு பிஸிபேளாபாத்துக்காக ரெண்டு. என் மாடல்ல சுகர் ஈவென்ட் ஓடுது, புள்ளைங்க ஊர விட்டுப் போற ஈவென்ட்தான் பாக்கி, அதுக்கு டேட்டா தேடிட்டு இருக்கேன். அல்சூர், இந்திராநகர் பக்கம் யாராச்சும் இதே கொடுமைல இருந்தா சொல்லுங்க, சனிக்கிழம காலைல அந்த தர்ஷினிலதான் இருப்பேன், லேப்டாப்போட வாங்க, சி பிளஸ் பிளஸ் டிக் பாக்ஸ் டிக் பண்ணிட்டு வாங்க.